பின்வீல் நட்டில் ஒரு மஞ்சக்கோடு

வேலைக்குப் போகிற பொம்பளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதாகக் காலண்டர்காரன்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். வாரத்துத் துணி மொத்தமும் வாளியில் ஊறிக் கிடந்தது. ஐப்பசி மழை விட்டபாடில்லை. துவைத்தாலும் காயப்போவதில்லை என்று தெரிந்தே சசிகலா கொல்லைப்புறக் கல்லில் கும்மிக்கொண்டிருந்தாள். கம்பெனி யூனிஃபார்ம் ரெண்டே செட்டு. ஒன்று உடம்பில் இருந்தால் மற்றது தண்ணியில் இருந்தாக வேண்டும்.

வாசல் பக்கம் ணங்கென்று ஸ்பேனர் விழுந்தது. எத்தனையாவது தடவையோ. ஒவ்வொரு தடவையும் அவள் கை கல்லின்மேல் ஒரு நிமிஷம் நின்று, பிறகு மறுபடி கும்மியது. எழுந்து போய் எட்டிப் பார்க்கக் கூடாது என்று காலையிலேயே தனக்குத்தானே சத்தியம் பண்ணியிருந்தாள்.

வாசலில் அவள் புருஷன் ஜீவானந்தம் தன் பழைய ஆர்எக்ஸ் வண்டிக்குப் பின்வீல் மாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு மீசை அரும்பிய காலத்தில் மண்ணூர்க்காரர் ஒருத்தரிடம் வாங்கியது. பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் அது வருகிற சத்தத்தை வைத்தே ஜீவா வருகிறான் என்று ஊர் சொல்லும். இப்போது அந்த மாடலுக்கு எங்கிருந்தோ மவுசு வந்துவிட்டது. மெட்ராசிலிருந்து வருகிற பையன்கள் வண்டியை ஓரம்கட்டி, "அண்ணா, குடுக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். "உன் ஆயாவக் கேளு, குடுப்பாங்க" என்று விரட்டுவான். அதெல்லாம் கை நன்றாக இருந்த காலம்.

ஆடி மாசத்தில் வல்லம் வடகாலில் ஒரு பிரஸ் ஷாப்பில் அவன் வலது கை உள்ளே இருக்கும்போதே பிரஸ் இறங்கிவிட்டது. சென்சார் கெட்டு ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். யார் காதில் விழுந்தது? கட்டை விரலும் சுண்டு விரலும் மிச்சம். நடுவில் இருந்த மூன்றும் போயிற்று. அன்றைக்கு வீட்டுக்குள் உட்கார்ந்தவன்தான். துண்டை வலது கைமேல் போட்டுக்கொண்டு, டிவியில் என்ன ஓடுகிறதென்றே தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பான். சோறு தின்பது சுவரைப் பார்த்து, இடது கையில் ஸ்பூன் பிடித்து. மழை வந்தால் இல்லாத விரல்கள் குடையும் போல, முகம் கோணும். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பான். மூன்று மாசமாக அந்த வீட்டில் அவன் பேசிய பேச்சை ஒரு கிண்ணத்தில் அள்ளிவிடலாம்.

அப்படிப்பட்ட மனுஷன் போன வாரம் வாயைத் திறந்தான். மகள் ஐஸ்வர்யாவுக்கு வேலை கிடைத்திருந்தது. டிப்ளமோ முடித்துக் காத்திருந்தவளை அதே வல்லம் வடகாலில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டிரெய்னியாக எடுத்துக்கொண்டார்கள்.

"திங்கக்கெழம ஜாயினிங்குமா. பஸ் பாஸு அப்பால தான் குடுப்பாங்களாம். மொத நாளு நீங்களே வந்துடுங்கனு சொல்லிட்டாங்க" என்றாள் ஐஸு.

"ஷேர் ஆட்டோல போய்டு. கூட்டுரோட்டாண்ட எறங்கினா..." என்று சசிகலா ஆரம்பிக்க,

"நான் இட்டுகினு போறேன்" என்றான் ஜீவானந்தம்.

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னான். ஆனால் ஆத்தாளும் மகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஐஸுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

மறுநாளிலிருந்து தினம் சாயங்காலம் ஏரிக்கரையில் வண்டி ஓட்டிப் பழகினான். ஆக்சிலேட்டரில் பழைய டியூபைச் சுற்றி மொத்தமாக்கிக்கொண்டு உள்ளங்கையால் முறுக்கினான். பிரேக்குக்குக் கால் இருந்தது. சமாளித்தான். சசிகலாவுக்கும் அதில் நம்பிக்கை வந்தது. ஞாயிறு காலையில் கடைசியாக ஒரு ரவுண்டு போனபோதுதான் வேலிகாத்தான் முள் ஏறிப் பின்வீல் பஞ்சர். வீலைத் தானே கழற்றி, ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய், மெயின் ரோட்டு ரத்தினம் கடையில் ஒட்டிக்கொண்டு வந்தான். கையோடு, நட்டு கழலாமல் இருக்கச் சொருகுகிற காட்டர் பின்னும் புதுசாக ரெண்டு வாங்கி வந்திருந்தான். ஒன்று மாட்ட, ஒன்று தொலைந்தால் வைக்க.

கழற்றுவது பெரிசில்லை. யாரும் கழற்றிவிடலாம். மாட்டுவதில்தான் இருக்கிறது பேஜார்.

துணியைப் பிழிந்து போட்டுவிட்டு, சத்தியத்தை மீறி, டீ டம்ளரோடு வாசலுக்கு வந்தாள்.

"டீ ஆறுது."

"வெச்சிட்டுப் போ."

"ஸ்பேனருக்குப் பின்னாடி அந்தப் பைப்ப சொருவினா வலு ஜாஸ்தி கெடைக்கும்."

"தெரியும்."

"நான் ஒரு கை புட்சிக்கட்டா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். நெற்றியில் கிரீஸ். இடது கை முட்டியில் தோல் உரிந்து ரத்தம்.

"ஏன், எனுக்கு கை இல்லன்றியா?"

"நான் அப்டியா சொன்னேன்?"

"வாயால சொல்லல. மூஞ்சி சொல்லுது." சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டான். "நாள் பூரா நட்டுதான முறுக்கிகினு கீற? இன்னிக்கு ஒரு நாளாவது நட்டு மூஞ்சில முழிக்காம இரு. போ, கருவாட்டுக் கொழம்பு தீயுது பாரு."

அவன் சொன்னதும் பொய்யில்லை. அவளுக்கு வேலையே அதுதான். ஒரகடம் பக்கத்தில் ஒரு டூ-வீலர் கம்பெனியில் பின்வீல் ஆக்சில் முறுக்குகிற ஸ்டேஷன். வண்டி, தலைக்கு மேலே ஓடுகிற சங்கிலியில் தொங்கிக்கொண்டு நகர்ந்து வரும். ஆக்சிலைத் தள்ளி, வாஷர் போட்டு, நட்டைக் கையால் ஏற்றி, மேலிருந்து தொங்குகிற, நட்டு முறுக்கும் கன்னை இழுத்து வைத்து அழுத்த வேண்டும். போதுமான அளவு முறுக்கியதும் 'டக்' என்று சத்தம், பச்சை விளக்கு. உடனே பாக்கெட்டிலிருந்து பெயிண்ட் பேனாவை எடுத்து நட்டின்மேலும் பக்கத்து இரும்பின்மேலும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு. முறுக்கியாச்சு என்று அதற்கு அர்த்தம். பிற்பாடு நட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் கோடு ரெண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த ஸ்டேஷனில் நிற்கிற பெண் சரிபார்த்துப் பக்கத்திலேயே ஒரு வெள்ளைக் கோடு போடுவாள். அதோடு அந்த நட்டை மறந்துவிடலாம். மறக்காவிட்டால் வேலை பார்க்க முடியாது. பின்னாலேயே அடுத்த வண்டி வந்துவிடும்.

இந்தக் கோடு போடுகிற பழக்கம் வீடு வரைக்கும் தொற்றிக்கொண்டு வந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் மாட்டினால்கூட அவள் கை சட்டைப் பாக்கெட்டைத் தடவும். "மா, சிலிண்டருக்கும் மஞ்சக்கோடு போடப் போறியா?" என்று ஐஸு கிண்டல் பண்ணிச் சிரிப்பாள்.

குழம்பைக் கிளறிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை, என்ன செய்வாள். அந்தப் பழைய வண்டியின் நட்டு, கம்பெனியில் அவள் பார்க்கிற நட்டு மாதிரி இல்லை. கோட்டைச் சுவர் மாதிரி மேலே பல் வெட்டியிருக்கும். ஆக்சிலின் முனையில் ஒரு ஓட்டை. நட்டை நன்றாக முறுக்கி, ஒரு பல்லிடுக்கு ஓட்டைக்கு நேராக வந்ததும் காட்டர் பின்னைச் சொருகி, அதன் ரெண்டு காலையும் மடக்கிவிட வேண்டும். அதன்பிறகு நட்டு சுழன்று கழல வழியில்லை.

ஜீவானந்தம் இடது கையால் பைப்பை இழுத்தான். வலது கையின் ரெண்டு விரலால் ஸ்பேனர் தலையை நட்டின்மேல் அழுத்திப் பிடித்தான். வழுக்கியது. மறுபடி வைத்தான். காலால் மிதித்தான். ஸ்பேனர் தெறித்து விழுந்தது. கடைசியில் ஓட்டைக்கும் பல்லிடுக்குக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம். இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் நேராகிவிடும். அவன் இழுத்துப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. நகரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நட்டைப் பின்பக்கமாகக் கொஞ்சம் தளர்த்தி நேர் பண்ணி, பின்னைச் சொருகினான். பிளையரால் அதன் கால்களை அழகாக மடக்கினான்.

சசிகலாவின் கரண்டி குழம்பிலேயே நின்றது. முறுக்கியதைத் தளர்த்திப் பின்னை மாட்டுவது எந்த ஊர் நியாயம்? பின் இருப்பதால் நட்டு விழாதுதான். ஆனால் வீல் பிடிப்பில்லாமல் ஆடும், மேடு பள்ளத்தில் நகரும், செயின் எகிறும். கண்டெய்னர் லாரி போகிற ரோட்டில் பின்வீல் லாக்கானால் நினைத்துப் பார்க்கவே வேண்டாம். பின்சீட்டில் உட்காரப் போவது அவள் பெற்ற ஒரே பெண்.

"ஐஸு! வா, குந்திப் பாரு. கல்லு மாதிரி கீது" என்று வாசலில் அவன் குரல் கேட்டது. அத்தனை சத்தமாக அவன் பேசி எத்தனை நாளாயிற்று!

அன்றைக்கு அவன் சுவரைப் பார்க்காமல் சோறு தின்றான். கருவாட்டுத் துண்டை இன்னும் ஒன்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். அந்த முகத்தைப் பார்த்து, 'யோவ், உன் நட்டு லூசு' என்று எப்படிச் சொல்வது? சொன்னால் மறுபடி துண்டும் டிவியும்தான். சொல்லாவிட்டால் மகள். என்ன பிழைப்புடா சாமி என்று இருந்தது சசிகலாவுக்கு.

விடியற்காலை ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு, ஈரம் முழுசாகக் காயாத சட்டை முதுகில் ஒட்ட, சத்தமில்லாமல் வாசலுக்கு வந்தாள். அவனும் ஐஸுவும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஸ்பேனரை நட்டில் வைத்து லேசாக அசைத்தாள். பின்னோடு சேர்ந்து கொஞ்சம் ஆடியது. நினைத்தது சரி.

பிளையரால் பின்னின் காலை நிமிர்த்தி உருவி, தொலைந்துவிடக் கூடாதென்று பேண்ட் பாக்கெட்டில் போட்டாள். ஸ்பேனரில் பைப்பைச் சொருகி, அரிசி மூட்டை தூக்குகிற மாதிரி மூச்சை அடக்கி இழுத்தாள். நட்டு நகர்ந்தது. இன்னொரு இழுப்பு. இறுகியது. இது போதுமா, இன்னும் வேண்டுமா? கன்னாக இருந்தால் 'டக்' என்று சொல்லிவிடும். இது வெறும் ஸ்பேனர், வாயில்லா ஜீவன். இன்னும் ஒரு முறை இழுத்தாள்.

கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அந்த டிரைவர் ரெண்டு ஹாரனுக்கு மேல் நிற்க மாட்டான். ஸ்பேனரை இருந்த இடத்தில் வைத்தாள். கை தானாகச் சட்டைப் பாக்கெட்டுக்குப் போயிற்று. நட்டையும் இரும்பையும் சேர்த்து ஒரு கோடு. மூடியைப் போட்டாள். மனசில் 'முடிஞ்சுது' என்று ஒரு நிம்மதி விழுந்தது. டிபன் பையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடினாள்.

கம்பெனியில் லைன் ஓடிக்கொண்டே இருந்தது. டீ பிரேக்கில் கேன்டீன் வரிசையில் நிற்கும்போது கைக்குட்டைக்காகப் பேண்ட் பாக்கெட்டில் கையை விட்டாள். விரலில் என்னவோ குத்தியது. எடுத்துப் பார்த்தாள்.

காட்டர் பின்.

ஒரு நொடி அது என்னவென்றே புரியவில்லை. பிறகு விடியற்காலை வாசல் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் லைனில் வருகிற நட்டுக்குப் பின் கிடையாது. அது தானே இறுக்கிக்கொள்கிற ரகம், கோடு போட்டால் வேலை முடிந்தது. வீட்டு நட்டிலும் கை கோடு போட்டதும் புத்தி கதவைச் சாத்திக்கொண்டது. பின்னை மாட்டவே இல்லை. அவன் லூசாக முறுக்கியிருந்தாலும் பின் இருந்தது. பெரிய இவளாட்டம் போய் அதையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"பாவி, பாவி" என்று வாய்விட்டே சொன்னாள்.

"ஏக்கா, என்னாச்சு? மொகம் வெளுத்துப் போச்சு?" என்று பின்னாலிருந்து கேட்டாள் பேச்சி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கியிருப்பவள். அடுத்த ஸ்டேஷனில் வெள்ளைக் கோடு போடுகிறவள் அவள்தான்.

சசிகலா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கோர்வை இல்லாமல் சொன்னதைப் பேச்சி கோர்வையாகப் புரிந்துகொண்டாள்.

"மாமாவுக்குப் போன் போடுவமா?"

"போனு லாக்கர்ல கீது. கேட்டாண்ட போயி வர நேரம் பத்தாது. இந்நேரம் கெளம்பியிருப்பாங்க பேச்சி. ரோட்ல கீறாங்க ரெண்டு பேரும்."

"ஜோயல் அண்ணன்கிட்ட போன் இருக்கும்லா. வாங்க."

லைன் லீடர் ஜோயல் தூத்துக்குடிக்காரன். வாய் கடுகடுப்பு, மனசு அப்படியில்லை. பாதி சமோசாவைத் தட்டில் போட்டுவிட்டுப் போனைக் கொடுத்தான். புருஷன் நம்பர் மட்டும் அவளுக்கு மனப்பாடம். ரிங் போனது. போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஐஸு நம்பர் அவள் போனில்தான் இருந்தது, அது லாக்கரில். பெல் அடித்துவிட்டது. லைன் நகர ஆரம்பித்தது.

"கேட் பாஸ் போட்டுத் தரவாக்கா? வீட்டுக்குப் போறியளா?" என்றான் ஜோயல்.

"வூட்டுக்குப் போய் இன்னா பண்றது தம்பி? அவங்க வூட்ல இல்லியே. ரோட்ல எந்த எடத்துல கீறாங்கனு போயி தேடுவேன்?"

அதுதான் உண்மை. போகவும் இடமில்லை, நிற்கவும் முடியவில்லை. கன்னை இழுத்தாள். டக். கோடு. டக். கோடு. ஒவ்வொரு நட்டிலும் அவள் பெண்ணின் முகம் வந்தது. புதுச் செருப்பு, ரோஸ் கலர் சுடிதார், இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டி வைத்திருந்தாள். புருஷன்மேல் கோபம் வந்தது. லாரிக்காரன்மேல், ரோட்டுப் பள்ளத்தின்மேல், மழையின்மேல் கோபம் வந்தது. எல்லாம் சுற்றி வந்து அவள் தலையிலேயே விழுந்தது. நேற்று ராத்திரியே 'நட்டு லூசாக் கீதுய்யா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிற்று. மிஞ்சிப்போனால் கோவித்துக்கொண்டிருப்பான். கோபம் எத்தனை நாள் நிற்கும்? அவன் மனசு நோகுமே என்று பார்த்துப் பார்த்துத் திருட்டுத்தனமாகச் செய்த வேலை, பெண்ணின் உயிர்மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

ஒரு வண்டி அவளைத் தாண்டிப் போயிற்று. திடீரென்று சந்தேகம். அதில் டக் சத்தம் கேட்டதா? கேட்ட மாதிரி இருந்தது. கேட்காத மாதிரியும் இருந்தது. சட்டென்று, லைனை நிறுத்துவதற்கென்று மேலே தொங்கிய கயிற்றைப் பிடித்து இழுத்தாள். சிவப்பு விளக்கு எரிந்து, அலாரப் பாட்டு ஒலித்து, லைன் மொத்தமும் நின்றது.

ஜோயல் ஓடி வந்தான். "எதுக்குக்கா கயித்த இழுத்தீய?"

"தெரியல தம்பி. அத்த முறுக்கினனா இல்லியானு எனுக்கு நெனப்பு இல்ல."

"வெளக்கு எரிஞ்சுது, நான் பாத்தேன்க்கா" என்றாள் பேச்சி.

"எனுக்குத் தெரியல. எனுக்கு ஒண்ணும் தெரியல" என்று சொல்லிக்கொண்டே சசிகலா அழுதுவிட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த லைனில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. புருஷனுக்குக் கையில் அடிபட்ட மறுநாள்கூட அவனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து நின்றவள்.

ஜோயல் அந்த நட்டைத் தானே பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது. லைனை ஓட்டச் சொல்லிவிட்டு, "பேச்சி, நீ கன்னைப் பிடி. வெள்ளைக் கோடு நான் போடுதேன். அக்கா, நீங்க அந்த ஓரமா ஒக்காந்து வாஷரை அடுக்குங்க. ஒண்ணும் ஆவாது" என்றான்.

சாப்பாட்டு நேரத்தில் லாக்கருக்கு ஓடிப் போனை எடுத்தார்கள். ஜீவானந்தம் எடுக்கவில்லை. ஐஸுவின் போன் சுவிட்ச் ஆஃப்.

"புதுசா சேர்றவங்க போனை கேட்லயே ஆஃப் பண்ணி வாங்கிருவாங்கக்கா. ஆஃப்னா பிள்ளை உள்ள போய்ட்டுன்னு அர்த்தம்" என்றான் ஜோயல்.

கீழே விழுந்து உடைந்தாலும் போன் ஆஃப்தான். சசிகலா மறுபடி அதே நம்பரை அழுத்தினாள்.

"கெட்ட சேதின்னா பறந்து வந்துரும்க்கா" என்று பேச்சி அவள் முதுகைத் தடவினாள். "எங்கப்பா தவறினப்போ, நான் ஊருக்குப் போன பஸ்ஸு பாதி வழி தாண்டுறதுக்குள்ள எனக்கு ஏழெட்டுப் பேரு போன் போட்டாவ. இன்னும் ஒண்ணும் வரலேல்லா? அப்போ நல்லாத்தான் இருக்காவ. ரெண்டு வாயி தின்னுங்க."

சாம்பார் சோற்றைப் பேச்சி பக்கம் தள்ளிவிட்டாள். ஷிஃப்ட் முடிகிற வரைக்கும் இடது உள்ளங்கையில் அந்தப் பின்னை வைத்து மூடிக்கொண்டே வாஷர் அடுக்கினாள்.

திரும்புகிற பஸ் ஒரகடம் பாலத்துக்கடியில் தண்ணியில் மாட்டி ஊர்ந்தது. ரோட்டோரம் நாலு பேர் கூடி நின்றாலும் அவள் எழுந்து எழுந்து பார்த்தாள். ஒரு இடத்தில் நின்றது கூட்டம் இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற வடக்கத்திப் பையன்கள். இன்னொரு இடத்தில் சரிந்து கிடந்த லாரி. ஸ்டாப் வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

பிள்ளைப்பாக்கம் கூட்டுரோட்டில் பஸ் நின்றதும் முதலில் கண்ணில் பட்டது அந்த ஆர்எக்ஸ்தான். டீக்கடைத் தகரத்துக்கு வெளியே மழையில் நின்றிருந்தது. தகரத்துக்கடியில் ஜீவானந்தம். வலது கைமேல் துண்டு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளைக் கூட்டிப்போக அவன் பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றதில்லை.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே போய்ச் சேற்றில் குந்தி உட்கார்ந்து பின்வீல் நட்டைப் பார்த்தாள்.

மஞ்சள் கோடு ரெண்டாக உடைந்திருந்தது. இரும்பின்மேல் இருந்த பாதி ஒரு இடத்தில், நட்டின்மேல் இருந்த பாதி இன்னொரு இடத்தில். லைனில் இப்படி ஒரு வண்டியைப் பார்த்தால் ஊரைக் கூட்டுவார்கள். முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். பிறகுதான் புரிந்தது. நட்டு நகர்ந்திருந்தது கழல்கிற பக்கம் இல்லை, இறுகுகிற பக்கம். பல்லிடுக்கில் புதுக் காட்டர் பின் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. கால் ரெண்டும் மடக்கியிருந்தது.

"இன்னா, செக்கிங்கா?" என்றான் தலைக்கு மேலிருந்து.

"ஐஸு?"

"உள்ள போய்ட்டா. அப்பவே போய்ட்டா. கேட்டாண்ட நின்னு எல்கேஜி புள்ளையாட்டம் டாட்டா காட்டிட்டுப் போறா."

"போன எடுக்கத் தெரியாதாய்யா உனுக்கு?" என்று கத்திவிட்டாள். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எத்தினி தபா அடிக்கிறது? காலைல இருந்து செத்துச் செத்துப் பொழச்சிகினு கீறேன் நானு!"

"மழைல நனையும்னு கவர்ல சுத்தி சீட்டுக்கடில வெச்சேன். எடுக்கவே நெனப்பில்ல. இப்ப இன்னா ஆச்சுனு இப்டி கத்துற?"

அவள் இடது கையை விரித்தாள். வளைந்த பின்னும், நாள் முழுக்க அது அழுந்தி உள்ளங்கையில் விழுந்த தடமும்.

"இத்த தான் தேடிகினு இருந்தேன்" என்றான்.

அவள் பக்கத்திலேயே குந்தினான். மழைத் தண்ணி ரெண்டு பேர் காலுக்கு நடுவிலும் ஓடியது.

"காலைல வண்டியத் தொடைக்க வந்தேன். மஞ்சக்கோடு தெரிஞ்சிது. அந்த நிமிசம் எனுக்கு வந்த கோவம் கீதே, ஸ்பேனர ஏரில வீசலாம்னு தூக்கினு போனேன் சசி. நெஜமா சொல்றேன். இந்தக் கையி ஒண்ணுத்துக்கும் ஆவாதுனு கோடு போட்டுக் காட்டிட்டாளேனு. ஐஸுவ ஆட்டோல போச் சொல்லிட்டு உள்ள வந்து படுத்துக்கலாம்னு நெனச்சேன்."

"நான் வேணும்னு போடலய்யா. கை போட்டுச்சு."

"தெரியும். சிலிண்டருக்கே போடுறவ நீ." அவன் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்து போயிற்று. "பாதி தூரம் போனவன் திரும்பி வந்து பாக்கிறேன், பின்னு இல்ல. நட்டு நல்லா இறுகிக் கீது, பின்னு மட்டும் இல்ல. கோவம் எங்க போச்சுனு தெரியல. அடிப்பாவி, இவளும் தூக்கத்துலதான் பொழப்ப ஓட்டினு கீறானு தோணிச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா. ஓட்டை நேரா வரல. பின்னால திருப்பினா நேத்து மாதிரி ஆயிடும்."

"நேத்து நீ தளத்தினது உனுக்கே தெரியுமா?"

"தெரியாம? நான் இன்னா பச்சப் புள்ளையா? ராவெல்லாம் தூக்கமில்ல எனுக்கு. விடியக்காலைலதான் கண்ணு அசந்தேன்." பிறகு மெதுவாக, நட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முன்னால திருப்ப எனுக்கு வலு பத்தல சசி. ஐஸுவக் கூப்ட்டேன். மா, வந்து இதுமேல ஏறி நில்லுனேன். புதுச் செருப்போட பைப்புமேல ஏறி நின்னா. நட்டு பல்லுக்கு வந்துச்சு. நான் பின்ன மாட்னேன்."

மூன்று மாசத்தில் அவன் வாயால் 'முடியல' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சசிகலாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையும் இல்லை, துப்பட்டாவும் இல்லை. யூனிஃபார்ம் கையிலேயே முகத்தைத் துடைத்தாள்.

"உன்ன நம்பாம ஒண்ணும் இல்லய்யா நானு..."

"நம்பலதான். வுடு. நானே நம்பல."

அவள் சட்டைப் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தாள். உடைந்த கோட்டை அப்படியே விட்டு வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. மூடியைத் திறந்து நட்டின்மேல் வைத்தாள். ஈரத்தில் மை ஒட்டவில்லை, வழிந்தது.

"ஈரமா கீது" என்றாள்.

ஜீவானந்தம் துண்டை உருவினான். டீக்கடையில் ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் துண்டின் நுனியைப் பிடித்து, நட்டைச் சுற்றிப் பல் பல்லாகத் துடைத்தான். மழை படாமல் அந்தக் கையையே நட்டுக்கு மேலே குடையாகப் பிடித்துக்கொண்டான்.

"ம். போடு" என்றான்.

அவள் போட்டாள். காய்கிற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கேயே குந்திக்கொண்டிருந்தார்கள். காய்ந்ததும் அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து கிக்கரை உதைத்தான்.

"ஏறு. சோத்தப் போடு மொதல்ல. சாயங்காலம் ஐஸுவ இட்டாரப் போவணும்."